ஆசிரியராக எளிய வழி: ஆயுள் முழுக்கப் பயிற்சி

தமிழ்நாட்டில் ஆசிரியர் ஆவது மிகச் சுலபம். ஆசிரியர் சம்பளம் வாங்குவதுதான் கடினம். இந்த நுட்பம் புரியாமல் பி.எட். முடித்துவிட்டு வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவைப் புதுப்பித்துக்கொண்டிருக்கும் தம்பிகளுக்கும், “பிள்ளைகளோடு இருந்தாலே போதும், மனசு நிறைந்துவிடும்” என்று வாய்தவறிச் சொல்லி மாட்டிக்கொண்ட தங்கைகளுக்கும் ஏதோ நம்மால் முடிந்த வழிகாட்டி இது.

முதல் படி: காசு கொடுத்து வேலை செய்யுங்கள். 2015 முதல் பி.எட். இரண்டாண்டுப் படிப்பு. அதில் 20 வாரம் பள்ளிக்கூடத்தில் கற்பித்தல் பயிற்சி. பாடக்குறிப்பு எழுதி, சார்ட் வரைந்து, சொந்தக் காசில் பஸ் ஏறிப் போக வேண்டும். ஆசிரியர் போதாத பள்ளி என்றால் தலைமையாசிரியர் உங்களைப் பார்த்ததும் முகம் மலர்வார். பக்கத்தில் உட்கார்ந்து கவனிக்க வந்தவரிடம் மறுநாளே ஒரு வகுப்பை ஒப்படைத்துவிடுவார். மருத்துவக் கல்லூரியில் ஹவுஸ் சர்ஜனுக்கு உதவித்தொகை உண்டு. ஐ.டி.ஐ. முடித்து ஆலைக்குள் நுழையும் ஃபிட்டருக்கும் 1961ஆம் ஆண்டின் அப்ரண்டிஸ் சட்டப்படி உதவித்தொகை உண்டு. உடம்பைத் தொட்டுப் பழகினால் காசு, இயந்திரத்தைத் தொட்டுப் பழகினால் காசு. குழந்தையின் அறிவைத் தொட்டுப் பழகினால் மட்டும் ‘புனிதமான பணி’ என்ற வாழ்த்து. அந்த வாழ்த்துக்கும் கல்லூரியில் கட்டணம் நீங்கள்தான் கட்ட வேண்டும்.

இரண்டாம் படி: தேறுங்கள், தேறிக்கொண்டே இருங்கள். 2012 ஜூலையில் தமிழ்நாட்டின் முதல் ஆசிரியர் தகுதித் தேர்வை ஆறரை லட்சம் பேருக்கு மேல் எழுதினார்கள்; தேறியவர்கள் 2,448 பேர். அப்புறம் வெயிட்டேஜ் என்றார்கள். பன்னிரண்டாம் வகுப்பில் வாங்கிய மார்க்கையெல்லாம் தோண்டி எடுத்துக் கூட்டினார்கள். 2018இல் அதையும் மூட்டைகட்டிவிட்டு, தகுதித் தேர்வில் தேறினால் போதாது, வேலைக்கு இன்னொரு போட்டித் தேர்வு என்று அரசாணை 149 வந்தது. தகுதிச் சான்றிதழுக்கு ஏழாண்டு ஆயுள் என்று முதலில் விதி. ஏழாண்டு போயிற்று, வேலை வரவில்லை. 2021இல் ஒன்றிய அரசுக்கு மனம் இளகியது. வேலை தந்துவிட்டதோ என்று பதறாதீர்கள். சான்றிதழ் ஆயுள் முழுக்கச் செல்லும் என்று அறிவித்தது. நீங்கள் தகுதியுள்ளவராகவே வாழ்ந்து, தகுதியுள்ளவராகவே சாகலாம்.

மூன்றாம் படிதான் உச்சம்: தொண்டு. கொரோனாவில் பள்ளிகள் மூடிக் கிடந்து பிள்ளைகள் எழுத்தை மறந்த நேரத்தில், 2021 அக்டோபர் 27 அன்று மரக்காணம் பக்கத்து முதலியார்குப்பத்தில் ‘இல்லம் தேடிக் கல்வி’ தொடங்கியது. சுமார் இரண்டு லட்சம் தன்னார்வலர்கள் வந்தார்கள், பெரும்பாலோர் பெண்கள். பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர் தொடக்க வகுப்புக்கு, பட்டம் முடித்தவர் ஆறிலிருந்து எட்டு வரைக்கு. திண்ணையிலும் சமுதாயக் கூடத்திலும் கோயில் மண்டபத்திலும் மாலை ஐந்து மணிக்கு மேல் வகுப்பு. மாதம் 1,000 ரூபாய்.

அரசு பட்டதாரியை ஏமாற்றிவிட்டது என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். வாரத்துக்கு ஆறு மணி நேரம் என்று கணக்குப் போட்டால் மணிக்கு 38 ரூபாய் வருகிறது. அந்த ஆண்டு இங்கே நூறு நாள் வேலைக்குக் கூலி நாளொன்றுக்கு 273 ரூபாய், எட்டு மணி நேரத்துக்கு வகுத்தால் மணிக்கு 34. ஆக, ஏரியில் தூர் வாருபவரைவிட நாலு ரூபாய் கூடத்தான் கொடுத்திருக்கிறார்கள். ஒரு பட்டத்தின் விலையை இத்தனை துல்லியமாக எந்தப் பல்கலைக்கழகமும் கணக்கிட்டதில்லை. ஆனால் தூர் வாரிய அம்மாவுக்கு, கேட்டால் வேலை கொடுத்தாக வேண்டும் என்று ஒரு சட்டமாவது இருந்தது. தன்னார்வலருக்கு வாட்ஸ்அப் குழுவில் ‘வாழ்த்துகள்’ மட்டும் இருந்தது.

சரி, அந்தப் பெண்கள் ஒப்புக்கு வேலை பார்த்தார்களா? இல்லை என்பதுதான் வயிற்றெரிச்சல். அபிஜீத் சிங், மொரீசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் என்ற மூன்று பொருளாதார அறிஞர்கள் தமிழ்நாட்டில் சுமார் 19,000 குழந்தைகளைச் சோதித்தார்கள். பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள் கற்றல் இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டுவிட்டது என்றும், அந்த மீட்பில் ஏறத்தாழ 24 சதவீதம் இந்தத் திட்டத்தால் வந்தது என்றும் கண்டார்கள். திண்ணையில் உட்கார்ந்து கூட்டல் கழித்தல் சொல்லிக்கொடுத்த பெண்கள் சாதித்தது அது. அரசு அதைப் பெருமையோடு மேடை மேடையாகச் சொன்னது. பந்தி முழுக்கப் பரிமாறிவிட்டுக் கடைசியில் இலை போட்டு உட்கார்ந்தவளிடம் “பாயசம் தீர்ந்துபோச்சும்மா, அடுத்த கல்யாணத்தில் உனக்குத்தான் முன்னுரிமை” என்று சொன்ன கதைதான்.

அடுத்த கல்யாணமும் சீக்கிரமே வந்தது. 2022இல் அரசுப் பள்ளிகளில் 13,331 காலியிடங்கள் என்று அரசே எண்ணிச் சொன்னது. எண்ணத் தெரிந்த அரசுக்கு நிரப்பத் தெரியாதா? தெரியும்; பள்ளி மேலாண்மைக் குழு வழியே தற்காலிகமாக நிரப்பியது. தகுதித் தேர்வில் தேறியவருக்கும் இல்லம் தேடிக் கல்வித் தன்னார்வலருக்கும் முன்னுரிமை. இடைநிலை ஆசிரியருக்கு மாதம் 7,500 ரூபாய்! கூச்சல் எழுந்தபின் 12,000. அதே வகுப்பறையில், அதே கரும்பலகையில், அதே பாடத்தை நடத்தும் நிரந்தர இடைநிலை ஆசிரியருக்குத் தொடக்க அடிப்படைச் சம்பளமே 20,600. அகவிலைப்படி தனி.

தற்காலிகம் எத்தனை காலம் என்று கேட்பவர்கள் பகுதிநேர ஆசிரியர்களைப் போய்ப் பார்க்கட்டும். 2012இல் ஓவியம், உடற்கல்வி, கணினி என்று 16,549 பேரை மாதம் 5,000 ரூபாய்க்கு எடுத்தார்கள். மே மாதம் சம்பளம் கொடுக்கவில்லை. மே மாதத்தில் ஆசிரியருக்குப் பசிக்காது என்பது கல்வித் துறையின் கண்டுபிடிப்பு. அ.தி.மு.க. எடுத்தது, நிரந்தரம் செய்வோம் என்று தி.மு.க. 2021 தேர்தல் அறிக்கையில் எழுதியது. 2023இல் தொகையை 12,500 ஆக்குவதாக அறிவித்தார்கள். கொடி மாறியது, தொகுப்பூதிய முறை மாறவில்லை.

உத்தரப் பிரதேசம் இதில் நமக்கு மூத்த அண்ணன். அங்கே ‘சிக்ஷா மித்ரா’ என்று கிராமத்து இளைஞர்களை மதிப்பூதியத்துக்கு எடுத்து, பதினைந்து வருடம் போல வகுப்பை நடத்தவிட்டு, பிறகு ஆசிரியர்களாக ஆக்கினார்கள். சட்டம் கேட்கும் தகுதி இல்லை என்று 2017 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாதென்றது. ஆசிரியர் சம்பளம் வாங்கியவர்கள் மாதம் 10,000 ரூபாய்க்குத் திரும்பினார்கள். பதினைந்து வருடம் பாடம் நடத்தியபோது வராத தகுதிக் கேள்வி, சம்பளம் என்றதும் வந்துவிட்டது.

கல்வி உரிமைச் சட்டம் தொடக்கப் பள்ளியில் 30 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் என்கிறது, அவருக்குத் தகுதி வேண்டும் என்கிறது. 2020இன் தேசியக் கல்விக் கொள்கை, தன்னார்வலரையும் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்ல அழைத்துக்கொள்ளலாம் என்கிறது. அந்தக் கொள்கையை ஒரு வரி விடாமல் எதிர்ப்பதாகச் சொல்லும் தமிழ்நாடு, இந்த ஒரு வரியை மட்டும் டெல்லிக்கே வழிகாட்டும் அளவுக்கு நடத்திக் காட்டியது.

இத்தனை மகத்தான தத்துவத்தைப் பள்ளிக்கூடத்தோடு நிறுத்துவது அநியாயம். சட்டமன்றத்துக்கும் கொண்டுபோவோம். 2017இல் சட்டமன்ற உறுப்பினரின் மாதச் சம்பளம் 55,000இலிருந்து 1,05,000 ஆனது. மக்கள் சேவைக்கு வந்தவர்களை இப்படிப் பணத்தால் அவமதிக்கலாமா? மாதம் 1,000 ரூபாய், மாலை ஐந்திலிருந்து ஏழு வரை சமுதாயக் கூடத்தில் சட்டமன்றம், நன்றாக நடந்துகொள்பவருக்கு அனுபவச் சான்றிதழ். அமைச்சர் பதவி காலியாகும்போது முன்னுரிமை உண்டு. மே மாதம் கிடையாது.

சிரித்தது போதும். குழந்தைகளோடு பழகாமல் யாரும் நல்லாசிரியர் ஆக முடியாது. அந்தப் பழக்கம் பயிற்சியில் இருக்க வேண்டும்; பயிற்சிக்கு உதவித்தொகை இருக்க வேண்டும்; அது எந்தத் தேதியில் முடியும் என்று தாளில் எழுதித் தர வேண்டும். அதைத் தாண்டிச் செய்வதெல்லாம் வேலை. வேலை என்றால் சம்பளம். கட்டணம் கட்டிப் படிக்கும் பிள்ளைகளின் பள்ளியில் கணக்கு ஆசிரியர் இடத்துக்கு ஒரு தன்னார்வலர் வருகிறார் என்று சொல்லிப் பாருங்கள், மறுநாள் காலை பெற்றோர் வாசலில் நிற்பார்கள். கூலிக்குப் போகும் தாயால் அப்படி வந்து நிற்க முடியாது என்பது தெரிந்துதான் தொண்டு எப்போதும் அவள் பிள்ளையைத் தேடி வருகிறது. இதில் ஏமாந்தவர்கள் இரண்டு பேர்: கரும்பலகைக்கு முன்னால் நின்றவளும், அதற்கு எதிரே உட்கார்ந்திருந்த பிள்ளையும். இருவருமே ஏழைகள். அதனால்தான் அரசுக்கு இத்தனை தைரியம்.