கோடியக்கரை உள்ளான்களும் என்எஃப்எஸ் போக்குவரத்து நெறியும்: ஓர் ஆராய்ச்சி

கோப்பு ஓரிடத்தில் இருக்க, ஆள் வேறிடத்தில் அமர்ந்து அதைத் தன் கணினியில் உள்ளது போலவே திறந்து மூடும் ஏற்பாட்டுக்கு என்எஃப்எஸ் என்று பெயர். சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் 1984-இல் இதை வெளிக்கொணர்ந்தது. அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் சர்வருக்கும் கிளையண்டுக்கும் இடையே எழும் பிணக்குகளை முதலில் அனுபவித்தவர்கள் சோழநாட்டின் தென்கோடியில், வேதாரண்யத்துக்கும் கோடியக்கரைக்கும் நடுவே இருந்தவர்கள் என்பது எமது துணிபு. அமெரிக்காவில் பிறந்த மென்பொருளுக்கு நாகப்பட்டினம் மாவட்டத்தில் வேர் தேடுவானேன் எனின், தமிழாராய்ச்சியில் இது புதிய வழக்கமன்று என்க.

முதற்சான்று திருமறைக்காட்டுக் (அதாவது வேதாரண்யத்துக்) கோயில் கதவு. வேதங்கள் பூசித்து அடைத்துவிட்டுப் போன கதவைத் திறக்க வழியில்லாமல், ஊரார் பக்கத்தில் வேறொரு வாசல் வைத்துப் போய்வந்துகொண்டிருந்தார்கள். (அந்தப் பக்கத்து வாசலே இன்றைய பென்டிரைவ். சர்வர் தொங்கும் அலுவலகங்களில் இன்றும் அதன் வழியாகத்தான் நடமாட்டம்.) அப்பர் வந்து திறக்கச் சொல்லிப் பாடினார், கதவு அசையவில்லை. பதிகம் முடியும் தறுவாயில்தான் திறந்தது. மூடச் சொல்லிச் சம்பந்தர் பாடினார். முதல் பாட்டிலேயே சாத்திக்கொண்டது. தமக்கு மட்டும் இத்தனை தாமதமா என்று அப்பர் மனம் வருந்தியதைப் பெரியபுராணம் பதிவு செய்கிறது.

பக்தி இலக்கிய அறிஞர்கள் இதற்கு வேறு பொருள் கூறுவர். அவர்கள் என்எஃப்எஸ் மவுண்ட் செய்து பார்த்தவர்கள் அல்லர். அப்பர் செய்தது 'ஹார்டு' மவுண்ட். மறுமொழி வரும்வரை கேட்டுக்கொண்டே இருப்பது அதன் இலக்கணம். 'சர்வர் நாட் ரெஸ்பாண்டிங், ஸ்டில் ட்ரையிங்' என்று திரையில் ஒரு வரி விழும், அதன்பின் மௌனம். கண்ட்ரோல்-சி அடித்தாலும் காத்திருக்கும் நிரல் எழுந்திருக்காது. பழைய லினக்ஸ் கெர்னல்களில் கில் கட்டளைக்கும் மசியாது. எப்போதோ 'சர்வர் ஓகே' என்று இன்னொரு வரி வந்தால்தான் விமோசனம். 'சாஃப்ட்' மவுண்ட் அடியாராக இருந்தால் மூன்றாம் பாட்டோடு 'இன்புட் அவுட்புட் எரர்' என்று சொல்லிவிட்டுப் பக்கத்து வாசலுக்கு நடந்திருப்பார். அவசரக்காரர்கள் விரும்புவது சாஃப்ட்தான். ஆனால் கோப்பில் எழுதிக்கொண்டிருக்கும்போது அது பாதியில் கைவிட்டால் கோப்பு அரைகுறையாகும் என்பதை ஊன்றி நோக்குக.

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. திற என்று பத்து முறை கேட்டாலும் கதவு ஒரு முறைதான் திறக்கும்; கூடுதலாகக் கேட்டதால் கேடில்லை. கோப்பை அழி என்ற கட்டளை அப்படியன்று. சர்வர் அழித்துவிட்டது, அழித்தேன் என்ற பதில் வழியில் தொலைந்தது. கிளையண்ட் மறுபடி கேட்கிறது. 'அப்படி ஒரு கோப்பே இல்லையே' என்கிறது சர்வர். செய்த வேலையையே செய்யவில்லை என்று இருவரும் சாதிக்கும் இந்த நிலையைத் தவிர்க்கத்தான், அண்மையில் யாருக்கு என்ன பதில் சொன்னோம் என்று சர்வர் ஒரு குறிப்பு வைத்துக்கொள்கிறது.

இரண்டாம் சான்றைச் சுருக்கமாகச் சொல்வோம். கோடியக்கரையின் கோடிக்குழகர் கோயிலுக்கு வந்த சுந்தரர், கடற்காற்று வீசும் காட்டில் துணையின்றித் தனியே இருக்கிறீரே என்று இறைவனிடம் இரங்கிப் பாடினார். சர்வர் இயங்குகிறது, கிளையண்ட் ஒன்றுகூட இணையவில்லை என்ற நிலையைக் குறிக்கும் மிகப் பழைய பதிவு இதுவே. மேலும் விரித்தால் தேவார அன்பர்கள் எம்மை விடமாட்டார்கள்.

மூன்றாம் சான்று பறவைகள். கோடியக்கரை 1967 முதல் சரணாலயம்; 2002-இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. வடகிழக்குப் பருவமழையை ஒட்டி வடக்கேயிருந்து உள்ளான்களும் பூநாரைகளும் இங்கே வந்திறங்குகின்றன. கொசு உள்ளான் என்பது உள்ளங்கையில் அடங்கும். இருபது முப்பது கிராம்தான் இருக்கும். அது முட்டையிடுவது ஆர்க்டிக் பனிவெளியில். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் இங்கே வலை விரித்துப் பறவைகளைப் பிடித்து, அளந்து, எடை பார்த்து, எண் பொறித்த உலோக வளையத்தைக் காலில் மாட்டிப் பறக்கவிடுகிறார்கள். 'கண்டவர் கழகத்துக்குத் தெரிவிக்கவும்' என்ற வேண்டுகோளும் வளையத்தில் இருக்கும்.

ஊன்றி நோக்கின் இது அப்பட்டமாக யுடிபி என்ற போக்குவரத்து நெறி. அனுப்பியாயிற்று, போய்ச் சேர்ந்ததா என்று கேட்க வழியில்லை. மாட்டிய வளையங்களில் மிகச் சிறு பங்குக்கே எங்கிருந்தாவது பதில் வருகிறது. பறவைக்கும் இணையத்துக்கும் என்ன தொடர்பு என்று நகைப்போர், டேவிட் வெயிட்ஸ்மன் 1990 ஏப்ரல் 1-ஆம் தேதி வெளியிட்ட ஆர்எஃப்சி 1149-ஐப் படிக்க. புறாக் காலில் இணையப் பாக்கெட்டைக் கட்டி அனுப்பும் நெறிமுறை அது. தேதியைக் கவனித்தால் வேடிக்கை புரியும். ஆனாலும் 2001 ஏப்ரலில் நார்வேயின் பெர்கன் நகர லினக்ஸ் பயனர்கள் அதைச் செய்தே காட்டினார்கள்: ஒன்பது பிங் போனது, நான்குக்குப் பதில் வந்தது. மிக விரைவாக வந்த பதிலுக்கே ஐம்பத்து மூன்று நிமிடத்துக்கு மேல் ஆயிற்று.

பறவையியலாருக்கு இந்த இழப்பு பாதகமில்லை. கோப்புக்கு அது கட்டுபடியாகாது. யுடிபியில் 8192 பைட் கொண்ட ஒரு பொதியை அனுப்பினால், 1500 பைட்டுக்கு மேல் தாங்காத ஈதர்நெட் அதை ஆறு துண்டாக்கும். ஆறில் ஒன்று தொலைந்தாலும் ஆறும் வீண். முழுப் பொதியையும் மறுபடி அனுப்ப வேண்டும். நூற்றுக்கு ஒரு துண்டு தொலையும் கம்பியில் பொதிகளில் நூற்றுக்கு ஆறு போய்விடும். பொதியை 32 கிலோபைட்டாகப் பெருக்கினால் இருபத்து மூன்று துண்டு. ஐந்தில் ஒரு பொதி காலி. டிசிபி என்ற மற்றொரு நெறியோ தொலைந்த துண்டை மட்டும் திரும்பக் கேட்டு வாங்கிக்கொள்ளும். வேகமான கம்பியில் இதைவிடப் பெரிய ஆபத்தும் உண்டு. துண்டுகளைச் சேர்க்க உதவும் அடையாள எண் 65,536-க்குமேல் இல்லாததால் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். பழைய பொதியின் துண்டு புதிய பொதியோடு ஒட்டிக்கொள்ளக்கூடும். வளைய எண்களை அப்படி மறுபடி மறுபடி வழங்கியிருந்தால், கொசு உள்ளானின் எடையும் பூநாரையின் உயரமும் கொண்ட ஒரு பறவையைக் கழகத்தார் பதிவேட்டில் ஏற்றியிருப்பார்கள்.

இனி நடைமுறை. டெல்டாவின் எந்த அலுவலகத்திலும் கேட்கக்கூடிய வாக்கியம் இது: "பிங் போகுது சார், நெட்வொர்க்ல ஒண்ணும் பிரச்சினை இல்ல." சின்னக் கோப்பு திறக்கிறது, பெரிய கோப்பு தொங்குகிறது என்றால் இந்த வாக்கியத்தை நம்பக் கூடாது. சாதாரண பிங் ஏந்திப் போவது 56 பைட். 1472 பைட் சுமை ஏற்றி, வழியில் உடைக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு அனுப்பிப் பாருங்கள். 28 பைட் தலைப்பும் சேர்ந்து சரியாக 1500 ஆகும். அது போகவில்லையென்றால் கோளாறு பாதையில். அது போயும் யுடிபியில் பெரிய கோப்பு மட்டும் தொங்கினால் ஃபயர்வாலைப் பாருங்கள்: போர்ட் எண் முதல் துண்டில் மட்டுமே இருக்கும், மற்றவற்றை அநாதைகள் என்று தள்ளிவிடும் ஃபயர்வால்கள் உண்டு. மூன்றாம் பதிப்பு என்எஃப்எஸ்ஸுக்கு 111-ஆம் போர்ட்டும், ஆளுக்கொரு திசையில் நிற்கும் வேறு சில போர்ட்டுகளும் திறந்திருக்க வேண்டும். நான்காம் பதிப்புக்கு 2049 ஒன்று போதும், அதுவும் டிசிபியில்தான். இத்தனையையும் பார்க்காமல் சர்வரை அணைத்துப் போடுவது நம் ஊர் வழக்கம். அதனால் கோளாறு தீர்வதும் உண்டு; காரணம் தெரிவது மட்டும் இல்லை.

2020-இல் வந்த லினக்ஸ் 5.6, என்எஃப்எஸ்ஸுக்கான யுடிபியை இயல்பு அமைப்பில் முடக்கிவிட்டது. ஆகவே யுடிபி பறவைக்கு, டிசிபி கோப்புக்கு என்பது இவ்வாராய்ச்சியின் தீர்ப்பு.

வயலிலோ கடற்கரையிலோ காலில் வளையத்தோடு பறவை எதையாவது வாசகர்கள் காண நேர்ந்தால், வளையத்தின் எண்ணையும் இடத்தையும் தேதியையும் குறித்துப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு எழுதுங்கள். பறவை உயிரோடிருந்தால் வளையத்தைக் கழற்ற வேண்டாம்.