உத்தமபாளையத்துத் தொட்டிலின் ஊசல் இயக்கம்: ஒரு நள்ளிரவு ஆய்வு

ஆய்வுக்கருவி, விட்டத்து வளையத்தில் தொங்கும் ஒரு பழைய நூல்சேலை. புதுச்சேலை ஆகாது, கஞ்சி மொடமொடப்பு பிள்ளையின் கன்னத்தை உரசும். சேலையை விரித்துப் பிடிக்க நடுவில் ஒரு தொட்டில் கட்டை. உபகரணச் செலவு இத்துடன் முடிந்தது.

அடுத்து, சூழல். கம்பம் பள்ளத்தாக்கில் ஆனி, ஆடிக் காற்று ஜன்னல் கதவைப் போட்டு அடிக்கும். குமுளி பஸ் ஹாரன் தெருவையே உலுக்கும். இதற்கெல்லாம் அசையாத பிள்ளை, ஆட்டுகிற கை நின்றதும் வீலென்று கத்துகிறது. ஆய்வின் மையச் சிக்கல் இதுவே.

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். வளையத்திலிருந்து பிள்ளை வரை எட்டடி என்றால், தொட்டில் ஒருமுறை போய்வர ஏறக்குறைய 3 விநாடி ஆகும். ஊசல் போய்வரும் நேரத்தை நீளம்தான் தீர்மானிக்கும், எடை அல்ல. ஆகவே மூன்று கிலோ சிசுவுக்கும் ஒன்பது கிலோ குண்டுப் பயலுக்கும் அதே 3 விநாடிதான். தோள்வலி மட்டும் எடைக்கேற்ப மாறும்.

2011-ல் ஜெனீவாவில் 12 ஆண்களை ஆடும் கட்டிலில் கிடத்தி, மதியம் 45 நிமிடம் தூங்க விட்டார்கள். 4 விநாடிக்கு ஒரு ஆட்டம். ஆடாத கட்டிலைவிட இதில் சீக்கிரம் தூங்கிப்போனார்கள் என்பது முடிவு. வளர்ந்த ஆம்பளைகள், அதுவும் பட்டப்பகலில்! அந்த 4 விநாடியை இங்கே கொண்டுவர வேண்டுமானால் பதின்மூன்று அடிக்குச் சேலை தொங்கவேண்டும். சாதாரணக் காரை வீட்டில் அதற்கு மாடியைத் துளைக்கவேண்டி வரும்.

தூங்க வைப்பதைவிட இறக்குவதுதான் கம்பசூத்திரம். தொட்டிலுக்குள் கழுத்து மடங்கித் தாடை நெஞ்சில் முட்டினால் மூச்சு தடைபடலாம் என்பதால், சமதளத்தில் மல்லாக்கக் கிடத்தச் சொல்கிறார்கள் மருத்துவர்கள். அங்கேதான் வினை. ஜப்பானின் ரிக்கென் ஆய்வு நிறுவனம் 2022-ல் இதைத் துருவிப் பார்த்தது. முதுகு படுக்கையில் படுவதற்கு முன்பே, தாயின் உடம்பை விட்டுப் பிரியத் தொடங்கும்போதே பிள்ளை உஷாராகிவிடுகிறது. ஆகவே 5 நிமிடம் தூக்கிக்கொண்டு நடந்து, தூங்கியபின் 5 முதல் 8 நிமிடம் மடியில் வைத்திருந்து, அப்புறம் கிடத்தலாம் என்றார்கள்.

"அத்த, எறக்கிப் போட்டுரவா?"

"செத்த நேரம் போகட்டும்த்தா."

ஏலத்தோட்டத்து ஜீப் விடியுமுன் வந்து நிற்கும் என்பதால் மருமகளுக்குப் பொறுமை இல்லை. அப்பத்தாவுக்கு அவசரமில்லை. தொட்டிலில் கட்டிய கயிற்றின் மறுமுனை அவர் கால் கட்டைவிரலில் இருக்கிறது. கண் சொருகிக் குறட்டை வந்த பிறகும் கால் ஆட்டிக்கொண்டேயிருக்கிறது. ஜெனீவாக்காரர்கள் இதற்கு மோட்டார் வைத்தார்கள்.

வெறுந்தொட்டிலை ஆட்டினால் பிள்ளைக்கு வயிறு வலிக்கும் என்ற அப்பத்தாவின் துணைவிதி மட்டும் இவ்வாய்வில் நிரூபணமாகவில்லை. எனினும், ஐந்து வயது அண்ணன்காரன் அதில் ஏறி ஆடுவதற்கான தடை அமலில்தான் இருக்கிறது.