செங்கோட்டை வாசலில் சங்கு

கேள்வி: தமிழ்நாட்டுச் சின்னம் கோபுரம். செங்கோட்டை ஊர் நுழைவாயில் வளைவில் மட்டும் சங்கு ஏன்? (வாசகர், தென்காசி)

பதில்: செங்கோட்டை முன்பு திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது; அந்தச் சமஸ்தானம் போட்ட முத்திரை அது! 1750-ல் அதன் மன்னர் மார்த்தாண்ட வர்மா நாட்டையே பத்மநாபசுவாமிப் பெருமாளுக்கு எழுதிவைத்தார். அந்தப் பெருமாள் கைச் சங்குதான் அரசுக்கும் சின்னம். சிவப்புக் கொடி நடுவே வெள்ளைச் சங்கு. முத்திரையில் காவலுக்கு இருபுறமும் யானைகள். இன்றைய கேரள அரசு முத்திரையிலும் அந்த யானைகள் காவல் நிற்கின்றன. 1956 நவம்பர் 1-ல் செங்கோட்டை நம் பக்கம் வந்தது. கொடியை இறக்கிவிடலாம், வளைவில் பதித்த சங்கை இறக்க முடியுமா? குற்றாலச் சீசனுக்கு வருகிறவர்கள் அருவியில் தலை நனைத்த கையோடு இங்கேயும் வந்து தலை நிமிர்ந்து பாருங்கள். போஸ்டர் ஒட்டுகிற அன்பர்களே, அந்த வளைவை மட்டும் விட்டுவிடுங்கள்!