துண்டு போட்ட இடம்

பேருந்து நிலையத்துக்குள் திரும்பும்போதே ஜன்னல் வழியாகத் துண்டை வீசி, மூன்று பேர் சீட்டை ஒரே வீச்சில் வளைத்தவன் நான். திருவண்ணாமலை தீபம் முடிந்து திரும்பிய ராத்திரியில்கூடக் குறி தப்பியதில்லை. அதனால், "ஹோட்டல்ல சாய்வுக் கட்டிலுக்குப் பெரிய போட்டி மாமா. விடிகாலையிலேயே துண்டு போட்டு வெச்சுடுவாங்க" என்று மாப்பிள்ளை கவலைப்பட்டபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது.

"அதை என்கிட்ட விட்டுடுங்க" என்றேன்.

ஸ்டுட்கார்ட்டில் இருக்கும் மகள் வீட்டுக்கு மூன்று மாதம் போயிருந்தோம். பேரனுக்குக் கோடை லீவு விட்டதும் ஆகஸ்டில் குடும்பத்தோடு மயோர்காவுக்குக் கிளம்பினோம். மத்தியதரைக் கடலில் இருக்கும் ஸ்பெயின் தீவு அது. ஆனால் ஜெர்மனியின் 16 மாநிலங்களோடு இதையும் சேர்த்து 17 என்று ஜெர்மானியர்களே கேலியாகச் சொல்லிக்கொள்கிறார்கள். தலைநகர் பால்மாவின் விமான நிலையத்தில் வருஷத்துக்கு 3 கோடிப் பேருக்கு மேல் வந்து போகிறார்கள். அத்தனை பேரும் நாங்கள் போன அன்றே பெட்டிக்காகக் காத்து நின்றதாக எனக்குப் பட்டது.

"எத்தனை இடம் பார்க்கப் போறோம்?" என்று வழியில் கேட்டேன்.

"ஒரே இடம்தான் மாமா. அல்கூதியா பீச். போய்ப் படுத்துக்கறதுதான்."

நவக்கிரகக் கோயில் ஒன்பதையும் இரண்டே நாளில் முடித்தவன் நான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இரண்டு மணி நேரம் கண்ணயர்ந்ததற்கே வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். ஏழு நாள் படுக்க விமானம் ஏறுவது இதுதான் முதல் தடவை.

மறுநாள் காலை ஆறரைக்கு நீச்சல்குளத்தருகே போனேன். ஒரு மனிதர் இல்லை. ஆனால் கட்டில் அத்தனையிலும் துண்டு. ஒவ்வொன்றும் ஜமுக்காளம் கனம். அவை பறக்காமலிருக்க, கிளி உருவத்தில் கை அகலத்துக்குப் பிளாஸ்டிக் கிளிப் வேறு. ஒரு நாட்டு மக்கள் எவ்வளவு முன்னேறியிருக்கிறார்கள் என்பது இதில் தெரிந்துவிடும்.

அதற்கடுத்த நாள் ஐந்தரைக்கே எழுந்து என் ஈரோட்டுத் துண்டை விரித்துவிட்டு வந்தேன். காபி குடித்துவிட்டுப் போய்ப் பார்த்தால் துண்டு குளத்தில் மிதந்தது. கட்டிலில் கிளி உட்கார்ந்திருந்தது. மூன்றாம் நாள் கட்டில் காலோடு சேர்த்து முடிச்சுப் போட்டேன். கூட்டிப் பெருக்கும் அம்மா அதைத் தரை துடைக்கும் துணி என்று நினைத்து அவிழ்த்து, அலசி, தன் வாளி விளிம்பில் காயப்போட்டிருந்தார். திருப்பிக் கேட்க வெட்கமாக இருந்தது. கேட்டேன். ஈரோட்டுத் துண்டாயிற்றே.

நாலாம் நாள் கட்டிலிலேயே போய் உட்கார்ந்துவிட்டேன். பக்கத்துக் கட்டிலுக்கு என் மனைவியின் பழைய புடவை. இரண்டும் நம் வசம். வெற்றிச் செய்தியைச் சொல்ல மாடிக்கு ஓடினேன்.

"வெயில் தாழட்டுங்க. அப்புறம் வர்றேன்" என்றாள்.

அவள் சொன்னதிலும் தப்பில்லை. நமக்குக் கடற்கரை என்றால் மெரினா. ஆறு மணிக்குப் போனால் காற்று, சுண்டல், மாங்காய்ப் பத்தை. வெயிலில் பீச்சுக்குப் போகிறவனை நம் ஊரில் காதலன் என்பார்கள், அல்லது போலீஸ் விசாரிக்கும். இங்கே ஆறு மணிக்கும் வெயில் உச்சந்தலையில் இறங்குகிறது. ஏழுக்கும் அப்படியே. சூரியன் மறையவே ஒன்பது ஆகிவிடுகிறது. ஆக, காலை ஐந்தரை முதல் இரவு எட்டரை வரை, ஒருவரும் படுக்காத இரண்டு கட்டில்களுக்கு நான் குடையடியில் காவல் இருந்தேன். வங்கியில் இருந்த 33 வருஷத்தில் இவ்வளவு நேரம் நாற்காலியை விட்டு நகராமல் இருந்ததில்லை.

இந்தக் காவலுக்கு வரி வேறு உண்டு. சுற்றுலாப் பயணிகள் தலைக்கு இத்தனை, இரவுக்கு இத்தனை என்று 2016-இல் கொண்டுவந்து 2018-இல் இரட்டிப்பாக்கியிருக்கிறார்கள். 16 வயதுக்குக் கீழே கிடையாது என்பதால் பேரன் மட்டும் தப்பினான். வரவேற்பு மேஜையில் வாதாடலாம் என்றுதான் கிளம்பினேன். ஆனால் 2024-இல் வீட்டு வாடகை தாங்க முடியவில்லை, இத்தனை கூட்டம் வேண்டாம் என்று உள்ளூர்க்காரர்கள் ஆயிரக்கணக்கில் பால்மா தெருக்களில் ஊர்வலம் போனதாக மகள் சொன்னாள். தீபாவளிக்கு முந்தின வாரம் ரங்கநாதன் தெருவைத் தாண்டி வீடு போய்ச் சேர்கிற மாம்பலத்துக்காரன் நான். வாயை மூடிக்கொண்டு கட்டினேன்.

இனி சாப்பாடு. நாங்கள் சைவம். ரொட்டியில் தக்காளியைத் தேய்த்து ஆலிவ் எண்ணெய் விட்டுத் தருகிறார்கள், 'பா அம்ப் ஓலி' என்று பெயர். பழைய சாதத்தில் நல்லெண்ணெய் விட்ட மாதிரி நன்றாகவே இருந்தது. ஆனால் என் மனைவியின் மனத்தைக் கவர்ந்தது 'என்சைமாடா'. தலைச்சுமைக்காரர்கள் வைக்கும் சும்மாடு மாதிரி சுற்றிச் சுற்றி, மேலே சர்க்கரைப் பொடி தூவிய பண். வாயில் வைத்தால் இதழ் இதழாகக் கரைகிறது. முதல் நாளே கடைக்காரப் பெண்ணிடம் "இது சைவமா?" என்று தமிழிலேயே கேட்டாள். அந்தப் பெண் முகம் மலர்ந்து பண்ணைத் தொட்டுக் காட்டி, "சைம்! சைம்!" என்றாள்.

"சைவம்தானாம். 'வ'வை முழுங்கிச் சொல்றா" என்று நான் மொழிபெயர்த்தேன். முட்டை இருக்குமோ என்று நாங்கள் கேட்கவில்லை. கேக் விஷயத்தில் கடைப்பிடிக்கும் அதே கொள்கைதான். காலைக்கு ஒன்று, மாலைக்கு ஒன்று.

ஐந்தாம் நாள் வால்தெமோசா என்ற மலை ஊருக்குப் போனோம். ஐரோப்பாவே கொண்டாடிய பியானோக்காரர் ஷோபானும் எழுத்தாளர் ஜார்ஜ் சாண்ட் அம்மையாரும் 1838 குளிர்காலத்தில் அங்கிருந்த மடத்தில் வந்து தங்கினார்கள். ஷோபானுக்கோ நெஞ்சு நோய். வானமோ மழையாகக் கொட்டியது. பாரிசிலிருந்து அனுப்பிய பியானோ சுங்க இலாகாவில் மாட்டிக்கொண்டது. ஊர் திரும்பிய அம்மையார் தீவையும் தீவுக்காரர்களையும் வறுத்தெடுத்து ஒரு புத்தகமே எழுதிவிட்டார். அதைத் தீவுக்காரர்களே இன்று வாசலில் அடுக்கி விற்கிறார்கள். குறை சொல்வதில் எனக்கு ஒரு முன்னோடி கிடைத்ததில் பரம திருப்தி. "திரும்பும்போது பன்றிக் கூட்டத்தோட ஒரே கப்பல்ல போனாங்களாம். இந்தத் தீவோட பெரிய ஏற்றுமதியே அப்போ பன்றிதானாம்" என்று மாப்பிள்ளை படித்துக் காட்டினார். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். நான் பண் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

பேரன் போனில் எதையோ தட்டிக்கொண்டிருந்தான்.

"தாத்தா, சைம்னா பன்னிக் கொழுப்பு. அதைப் போட்டுச் செய்யறதாலதான் என்சைமாடான்னு பேராம்."

என் மனைவி ஒன்றும் சொல்லவில்லை. முப்பத்தைந்து வருஷத்தில் அவள் ஒன்றும் சொல்லாமல் இருந்தது அது இரண்டாம் தடவை. கையிலிருந்த சும்மாட்டைக் காகிதத்தில் சுற்றி என்னிடம் கொடுத்தாள். ராத்திரி விளக்கை அணைத்த பிறகு, "காலையில சமுத்திர ஸ்நானம். நீங்களும்தான்" என்று மட்டும் சொன்னாள்.

ஆறே காலுக்கு இருவரும் இறங்கினோம். அலையே இல்லை. அல்கூதியாவில் நூறடி நடந்தாலும் தண்ணீர் முழங்காலைத் தாண்டாது. தலை முழுக வந்தவர்களுக்கு இதைவிடப் பெரிய சங்கடம் இல்லை. கடைசியில் கடலுக்குள் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு மூன்று தடவை குனிந்து எழுந்தோம். கிழக்கே அப்போதுதான் வெளுத்துக்கொண்டிருந்தது. கரையில், கையில் கனத்த துண்டும் கிளியுமாக வந்த ஒரு ஜெர்மானியர் எங்களைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, மரியாதையாகத் தலையசைத்தார். நானும் ஈரத் தலையை அசைத்தேன்.

திரும்பி வந்து பார்த்தால், எங்கள் கட்டில்கள் இரண்டிலும் அவர் துண்டு.