1.01 ஆம்பியர் மொய்

நம் நாட்டில் இருக்கும் பெரிய துகள் முடுக்கிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஊர் பெயரைச் சொன்னால் இடம் தெரிந்துவிடும், இடம் தெரிந்தால் ஆள் தெரிந்துவிடும், ஆள் தெரிந்தால் மெமோ வந்துவிடும். ஆகவே சென்னையிலிருந்து ரயிலில் இரண்டு ராத்திரி தூங்கினால் வரும் ஓர் ஊர் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் அதை முடுக்கி கிடுக்கி என்றெல்லாம் சொல்வதில்லை. மிஷின், அவ்வளவுதான். எலெக்ட்ரான்களை ஏறக்குறைய ஒளியின் வேகத்துக்கு விரட்டி, காந்தங்களை வைத்துத் திருப்பித் திருப்பி வட்டமாக ஓடவிடும் யந்திரம். இந்தச் சொல்லால் வீட்டில் ஒரு சங்கடம் உண்டு. அம்மாவுக்கு மிஷின் என்றால் எங்கள் தெருமுனை அரிசி மிஷின்தான். வருஷத்துக்கு ஒருமுறை ஒன்றரை மாதம் ஷட்டவுன் விடுவோம். போன் வரும்.

"மிஷினைத்தான் நிறுத்தியாச்சே, கிளம்பி வரவேண்டியதுதானே? இங்க பெல்ட் அறுந்தா அன்னிக்கே எல்லாரும் வீட்டுக்குப் போயிடறாங்க."

"எனக்கு அப்பதாம்மா வேலை."

"நின்னுபோன மிஷின்ல உனக்கு என்னடா வேலை?"

இருபது வருஷமாக இந்தக் கேள்விக்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. அம்மா கேட்பது எங்கள் துறையின் அடிப்படைப் பிரச்சினை என்று போன வருஷம்தான் புரிந்தது.

கட்டுப்பாட்டு மென்பொருள் என் பொறுப்பு. மிஷின் ஓடும்போது அதில் கை வைக்க விடமாட்டார்கள். நியாயம்தான். மாற்றுவதாக இருந்தால் ஷட்டவுனில் மாற்று என்பார்கள். ஷட்டவுனுக்கு முன்னால் நாட்களைப் பங்கு போட ஒரு கூட்டம் நடக்கும். அது கல்யாணப் பந்தி மாதிரி. கூலிங் வாட்டர்காரர்கள் முதல் பந்தியில் உட்கார்ந்து இருபது நாளைச் சாப்பிட்டுவிட்டார்கள். வேக்குவம்காரர்கள் பன்னிரண்டு நாள். காந்தங்களை நேர்ப்படுத்தும் அலைன்மென்ட் கோஷ்டி, தாங்கள் அளக்கும்போது யாரும் உள்ளே நடந்தால்கூடத் தரை அதிரும் என்று சொல்லி ஒரு வாரத்தை வாங்கிக்கொண்டது. நான் இலை போட்டு உட்கார்ந்தபோது ரசம்தான் மிச்சம்.

"சாஃப்ட்வேர்தானே? ரூம்லேயே உட்கார்ந்து முடிச்சுடுங்க. உங்களுக்கு மிஷின் எதுக்கு?" என்றார் தலைமை தாங்கியவர்.

கிணறு வற்றிய மாதமாகப் பார்த்து நீச்சல் கற்றுக்கொள்ளச் சொல்வது இதுதான். ஷட்டவுனில் காந்தங்களுக்கு மின்சாரம் தரும் பவர் சப்ளைகளைப் பூட்டி, ஒவ்வொரு பூட்டிலும் சிவப்பு அட்டை கட்டிக் கையெழுத்துப் போட்டிருப்பார்கள். குழாய்களில் தண்ணீர் இருக்காது. வேக்குவம் கேஜுகள் செத்துக் கிடக்கும். அலாரம் திரையில் இரண்டாயிரம் வரி, அத்தனையும் சிவப்பு. நான் ஏதாவது சொதப்பி இரண்டாயிரத்தோராவது வரி சிவந்தால் எப்படித் தெரியும்? ஹோலி முடிந்து வருகிறவன் சட்டையில் எந்தச் சாயம் யார் பூசியது என்று யாராவது சொல்ல முடியுமா?

எங்கள் மென்பொருளுக்குப் பெயர் எபிக்ஸ். முழுப்பெயர் நீளம், சுருக்கினால் இதிகாசம் என்று பொருள் வரும்படி வைத்திருக்கிறார்கள். 1990ஐ ஒட்டி அமெரிக்காவின் லாஸ் அலமோஸ், ஆர்கான் ஆய்வகங்கள் சேர்ந்து ஆரம்பித்தது. இலவசம். இன்று உலகெங்கும் முடுக்கிகளில் ஓடுகிறது, பெரிய தொலைநோக்கிகளில் ஓடுகிறது, ஈர்ப்பலைகளைக் கண்டுபிடித்த லைகோவிலும் ஓடுகிறது. பெயருக்கேற்ற காரியம்தான். ஆசிரியர் ஒருவரல்லர், ஒவ்வொரு ஊரும் தன் பங்குக்குக் கிளைக்கதை சேர்த்திருக்கிறது, பாடபேதங்கள் ஏராளம், முழுவதையும் படித்தவர் யாரையும் நான் சந்தித்ததில்லை.

இந்த இதிகாசத்தில் எல்லாமே பெயர்கள். ஒரு காந்தத்தில் ஓடும் மின்சாரம், ஒரு குழாயின் வெப்பம், ஒரு கதவு திறந்திருக்கிறதா இல்லையா என்பது, எதுவானாலும் தனக்கென ஒரு பெயரோடு இருக்கும். அந்தப் பெயர் தெரிந்தால் போதும், முகவரி வேண்டாம். கிராமத்துக்குப் புதிதாக வந்தவன் தெருவில் நின்று "மாரியப்பன் யாருங்க?" என்று கத்துகிற மாதிரி நிரல் நெட்வொர்க்கில் கத்தும். மாரியப்பனை வைத்திருக்கும் கணினி கையைத் தூக்கும். இரண்டு கணினிகள் கையைத் தூக்கினால் முந்தித் தூக்கியவனே மாரியப்பன். பழைய பெட்டியை அணைக்காமல் புதியதை ஓட்டிவிட்டு, இந்தப் போலி மாரியப்பனோடு நான் அரை நாள் பேசிக்கொண்டிருந்தது தனிக் கதை.

பழைய பெட்டி என்றேனே, அது விஎம்இ க்ரேட். உள்ளே மோட்டோரோலா 68040 சில்லு, விஎக்ஸ்வொர்க்ஸ் இயங்குதளம், எபிக்ஸ் 3.13. ஹார்ட் டிஸ்க் கிடையாது. எழுந்திருக்கும்போது நெட்வொர்க்கில் கையேந்தி நிரலை வாங்கிக்கொள்ளும். இதை எடுத்துவிட்டு 2017இல் வெளிவந்த எபிக்ஸ் 7ஐ லினக்ஸ் கணினியில் போடுவதுதான் என் திட்டம். பெட்டியின் நெற்றியில் வருஷா வருஷம் விஸ்வகர்மா பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் அடுக்கடுக்காகக் காய்ந்திருந்தன. அதன் கீழே மஞ்சளேறிய செல்லோடேப்புக்குள் இந்தியில் ஒரு சீட்டு: அணைக்காதே. ஒட்டியவர் ஓய்வு பெற்றுவிட்டார். போகும்போது சாவிக்கொத்தைக் கையில் கொடுத்து, "நீ அதைத் தொடாதே, அது உன்னைத் தொடாது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

தொட்டேன். விசிறிகள் முனகிக்கொண்டே நின்றன. ஒன்றும் நடக்கவில்லை. ஷட்டவுனில் ஒன்றுமே நடக்காது என்பதுதான் ஷட்டவுனின் ஆபத்து.

புதிய கணினி முதல் நாளே எழுந்துவிட்டது. திரையில் பெயர்களும் வந்தன, எல்லாவற்றுக்கும் பக்கத்தில் தேதியும் நேரமும்: 1990 ஜனவரி 1, அதிகாலை 5.30. எபிக்ஸின் காலக்கணக்கு 1990 பிறந்த கணத்தில், கிரீன்விச் நள்ளிரவில், தொடங்குகிறது. இன்னும் ஒருமுறைகூட இயங்காத சிக்னல் அந்த நேரத்தையே காட்டும். நம் நாட்டுக்கு அது ஐந்தரை மணி. மார்கழி மாதம் வேறு; ஊரில் கோயில் ஸ்பீக்கரில் திருப்பாவை போட்டிருப்பார்கள். பக்தியோடு பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் வந்து நின்ற மேலதிகாரிக்குப் பக்தி வரவில்லை.

"அன்னிக்குக் காலையில யார் டியூட்டி?" என்றார்.

விளக்கினேன். தலையாட்டினார். மறுநாள் அதையே எழுத்துமூலம் கேட்டார்.

இனி என் குற்றம். எபிக்ஸ் 3.13இல் ஒரு பெயர் 28 எழுத்தைத் தாண்டக் கூடாது. அந்தக் காலத்தவர்கள் அதற்குள் அடக்க வேண்டும் என்று எல்லாவற்றையும் இனிஷியலாக்கி வைத்திருந்தார்கள். இரண்டாம் டிரான்ஸ்ஃபர் லைனில் எலெக்ட்ரான் கற்றையை மேலும் கீழும் தள்ளித் திருத்தும் மூன்றாவது குட்டிக் காந்தத்துக்குப் பெயர் 'டிஎல்2சிவி3'. பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு கேட்காது. காரணம் சொந்த அனுபவம். என் பெயரும் நீளம். ரயில் டிக்கெட்டில் 'வெங்கடசுப்பிரமணி' வரைக்கும்தான் நான் பயணம் செய்வேன்; 'யன்' ஊரிலேயே நின்றுவிடுவான். வடக்கே வந்த பிறகு அப்பா பெயர் எனக்குக் குடும்பப் பெயராகி, ஆபீஸில் பாதிப் பேர் என்னை அப்பாவின் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். அப்படிப்பட்டவன் கையில், பெயருக்கு 60 எழுத்து வரை இடம் தரும் புதிய எபிக்ஸைக் கொடுத்தால் என்ன செய்வான்? 'டிரான்ஸ்ஃபர்லைன்2:வெர்டிகல்கரெக்டர்3:கரண்ட்:செட்பாயின்ட்' என்று வாயாரப் பெயர் வைத்தேன். ஆங்கிலத்தில் 49 எழுத்து. எல்லாவற்றுக்கும் வைக்க ஆசைதான், நேரமில்லை. அந்த ஒரு காந்தத்துக்கு மட்டும் நடந்தது பெயர்சூட்டு விழா. திரைகளில் பழைய பெயர் வரும் இடத்தையெல்லாம் தேடித் தேடி மாற்றினேன்.

பெயர் வேலை செய்கிறதா என்று பார்க்க ஒரு மதிப்பு கொடுக்க வேண்டுமே. நான் எப்போதும் கொடுப்பது 1.01. எங்கள் அப்பா மொய் எழுதும்போது முழுசாக எழுதவே மாட்டார். நூறு ரூபாய் என்றால் நூற்றியொன்று, ஐந்நூறு என்றால் ஐந்நூற்றியொன்று. பூஜ்யத்தில் முடிந்தால் உறவும் அதோடு முடியும் என்பார். தொழில்ரீதியாகவும் இதில் நியாயம் இருக்கிறது. வெறும் 1 கொடுத்தால் தசமப்புள்ளிக்குப் பின்னால் இருப்பது ஒழுங்காகப் போகிறதா என்று தெரியாது. 1.01 என்று தட்டினேன். பவர் சப்ளைதான் பூட்டிக் கிடக்கிறதே, காந்தம் அசையவில்லை. ஆனால் திரையில் 1.01 வந்தது. திருப்பிப் பூஜ்யமாக்கலாம் என்று கையை வைத்தேன். டீ வந்தது.

ஆட்டோசேவ் என்று எபிக்ஸில் ஒரு துணை நிரல் உண்டு. கடைசியாக என்ன கொடுத்தோமோ அதைக் குறித்து வைத்துக்கொண்டு, கணினி மறுபடி எழும்போது அப்படியே போட்டுவிடும். மொய் நோட்டுக்காரர் மாதிரி, எழுதினது எழுதினதுதான்.

ஷட்டவுன் முடிந்தது. பூட்டுகள் கழன்றன, தண்ணீர் வந்தது, அலாரம் திரை சிவப்பு உதிர்த்துப் பச்சை கட்டியது. ஆபரேட்டர்கள் போன சீசனின் நல்ல நாள் ஒன்றின் மதிப்புகளைச் சேமித்து வைத்திருந்த கோப்பை ஏற்றினார்கள். அப்படி ஏற்றினால் எல்லாக் காந்தமும் பழைய நிலைக்கு வந்துவிடும். பெயர் மாறாத எல்லாக் காந்தமும். 'டிஎல்2சிவி3' என்று ஒருவரும் இல்லை என்று அந்த நிரல் நேர்மையாக ஒரு வரி எழுதத்தான் செய்தது. மூவாயிரம் வரிகளுக்கு நடுவில் எழுதியது.

கற்றையை விட்டார்கள். அது போகும் வழியில் வைத்திருக்கும் முதல் திரையில் அழகான வெளிச்சப் பொட்டு. இரண்டாவதிலும் வந்தது. மூன்றாவதில் இருட்டு.

வழக்கமாக இந்த இடத்தில் எல்லோரும் என்னைத்தான் திரும்பிப் பார்ப்பார்கள். பல்பு ஃப்யூஸ் போனால்கூட "சாஃப்ட்வேர்ல ஏதாவது மாத்தினீங்களா?" என்பதுதான் எங்கள் ஊர் வழக்கம். அன்று அதிசயமாக யாரும் பார்க்கவில்லை. என் கணினித் திரைகள் அத்தனை சுத்தமாக இருந்தன. அலைன்மென்ட் கோஷ்டி எதையோ தட்டிவிட்டது என்றார் ஒருவர். மழையில் தரை இறங்கியிருக்கும் என்றார் இன்னொருவர். இளம் இயற்பியலாளர் ஒருவர், ஜெனீவாவில் 27 கிலோமீட்டர் சுற்றளவுள்ள லெப் முடுக்கியையே நிலா இழுத்து ஒரு மில்லிமீட்டர் போல நீட்டியது, 1992இல் அளந்தே பார்த்தார்கள் என்று ஆரம்பித்தார். அது உண்மை. எங்கள் மிஷினோ ஒரு கால்பந்து மைதானத்துக்குள் அடங்கிவிடும். இருந்தாலும் இரண்டு பேர் போனை எடுத்து அன்றைக்குத் திதி என்ன என்று பார்த்தார்கள். நான் பின்வரிசையில் கைகட்டி நின்று, நிலா விஷயத்தில் மிகுந்த அக்கறை காட்டினேன்.

ஆறு மணி நேரம். இரவு ஷிஃப்டுக்கு வந்த பழைய ஆபரேட்டர் டிஃபன் டப்பாவை மேஜையில் வைத்தார், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார், கரெக்டர் பட்டியலை மேலிருந்து கீழே விரலால் தடவிக்கொண்டே வந்தார். மைனஸ் 0.42, 0.17, மைனஸ் 0.08. ஓர் இடத்தில் விரல் நின்றது. மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

"யே ஆப்கா ஹை நா, சார்?" இது உங்களுடையதுதானே என்கிறார்.

அவர் பெண் கல்யாணத்துக்கு நான் கவரில் வைத்துக் கொடுத்தது 1,101 ரூபாய். வடக்கேயும் அந்த ஒரு ரூபாய் வழக்கம் உண்டு, ஷகுன் என்பார்கள். மனிதர் மறக்கவில்லை. உலகத்தில் எந்த இயற்பியலாளரும் ஒரு காந்தத்துக்கு மொய் வைக்கமாட்டார் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

பழைய கோப்பைத் திறந்து பார்த்தோம். அங்கே இருக்க வேண்டியது மைனஸ் 0.31. தட்டினார். மூன்றாவது திரையில் பொட்டு வந்து உட்கார்ந்தது. அறையில் யாரும் பேசவில்லை. நிலாக்காரர் மட்டும் லேசாக ஏமாந்தது போலிருந்தது.

எழுத்துமூலம் பதில் கேட்டார்கள், கொடுத்தேன். காந்தத்துக்குப் பழைய பெயரே திரும்ப வந்துவிட்டது. ஷட்டவுன் முடிந்து மிஷினை ஓட்டுவதற்கு முன் பார்க்க வேண்டிய பட்டியலில் யாரோ ஒரு வரியைச் சேர்த்துவிட்டார்கள்: எந்தச் செட்பாயின்டிலும் 1.01 இருக்கிறதா எனச் சரிபார்க்கவும். போன மாதம் புதிதாகச் சேர்ந்த பையன் நோட்டுப் புத்தகத்தோடு என் அறைக்கு வந்தான்.

"சார், 1.01 ஆம்பியர்ல அப்படி என்ன ஃபிசிக்ஸ் இருக்கு?"

உட்காரச் சொல்லி, நிலாவிலிருந்து ஆரம்பித்தேன்.