37 கிலோ நியாயம்

கேள்வி: லெ மான் 24 மணி நேரக் கார் பந்தயத்தில், வேகமாக ஓடும் காரின் மேல் எடையை ஏற்றிவிடுகிறார்களாமே? இது என்ன நியாயம்?
- வாசகர், ஈரோடு

பதில்: நன்றாகப் படிக்கிற பையனுக்கு மட்டும் கேள்வித்தாளைக் கடினமாக்குகிற நியாயம்தான்!

ஆனால் பந்தயத்தை நடத்துகிறவர்கள் பக்கத்தையும் கேளுங்கள். காடிலாக்கில் 5.5 லிட்டர் வி8 எஞ்சின். ஃபெராரியில் 3 லிட்டர் டர்போ வி6, கூடவே ஹைப்ரிட் மோட்டார். இவற்றை அப்படியே அவிழ்த்துவிட்டால் பெரிய பணப்பை ஜெயிக்கும். மற்றவர்கள் அடுத்த வருடம் கடையைச் சாத்திவிட்டுப் போய்விடுவார்கள். அதனால்தான் எடை, சக்தி எல்லாவற்றுக்கும் அளவு வைக்கிறார்கள்.

2023-இல் பந்தயத்துக்குச் சில நாள் முன்பு டொயோட்டாவுக்கு 37 கிலோ, ஃபெராரிக்கு 24, காடிலாக்குக்கு 11, போர்ஷுக்கு வெறும் 3 கிலோ கூட்டினார்கள். அதற்கு முன் வரிசையாக ஐந்து வருடம் ஜெயித்த டொயோட்டாவுக்கு எப்படி இருந்திருக்கும்! 50 வருடம் கழித்து முதல் வகுப்புக்குத் திரும்பிய ஃபெராரி, ஒன்றரை நிமிடத்துக்கும் குறைவான வித்தியாசத்தில் கோப்பையைத் தட்டிச் சென்றது. எடைதான் காரணமா? கடைசி இரண்டு மணி நேரத்துக்குள் ஆர்னாஜ் திருப்பத்தில் டொயோட்டா வழுக்கி மோதியதையும் கணக்கில் சேர்க்கத்தானே வேண்டும்?

இதில் இன்னொரு கூத்து: எடையை ஏற்றிவிடுவார்களோ என்று பயிற்சியில் வேகத்தை ஒளித்துவைப்பது. வரி அதிகாரி வரும் நாளில் வியாபாரமே இல்லை என்று முகத்தைத் தொங்கப்போடும் கடைக்காரர் மாதிரி! இந்த எடைக் கணக்கைப் பற்றி அணிகள் வெளியே புலம்பக் கூடாது என்று விதி வேறு போட்டிருக்கிறார்கள். பேட்டிகளில் எல்லோரும் வானிலை பற்றியே பேசுவது அதனால்தானோ என்னவோ.