எங்கள் ஊரில் பாதை தாழும்

திருகோணமலைப் பக்கத்தில் பாதை என்றால் தெரு அல்ல. ஆளையும் மாட்டையும் மோட்டார் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு ஆற்றில் மிதக்கும் தட்டுக்குத்தான் இங்கே பாதை என்று பெயர். தெரு முடிகிற இடத்தில் பாதை தொடங்கும். ஆகவே எங்கள் பாதை சில நாள் தாழவும் செய்யும்.

சம்பூரில் நின்றால் கொட்டியாரக் குடா தெரியும். அதில் வந்து விழுகிற மகாவலிக்கு மேலே, மன்னம்பிட்டியில், 1920களில் வெள்ளைக்காரன் இரும்புப் பாலம் போட்டான். மட்டக்களப்புக்குக் கோச்சி விட வேண்டும், அவன் கவலை அவ்வளவுதான். பஸ்ஸும் லொறியும் பிறகு அதே தண்டவாளத்தில் ஒண்டிக்குடித்தனம் நடத்தின. ஒரு கரையிலிருந்து வாகனம் வந்தால் மறுகரை நிற்கும். கோச்சி வந்தால் இரண்டு கரையும் நிற்கும். ஓட்டமாவடியிலும் இதே கூத்து. சுரண்ட வந்தவன் கட்டிய பாலத்தை, 1948இல் ஆள வந்த நம்மவர்கள் என்ன செய்தார்கள்? அதன்மேல் ஏறிப்போய், அவன் சுரண்டியதைப் பற்றி மேடையில் பேசினார்கள். ஐம்பத்தொன்பது வருடம் பேசினார்கள்!

மன்னம்பிட்டிக்குத் தனித் தெருப்பாலம் 2007இல்தான் வந்தது. காசு ஜப்பானுடையது. கிண்ணியாவுக்கு 2009இல் 396 மீற்றர் பாலம், அது சவூதி. ஓட்டமாவடிக்கு 2010இல் ஸ்பெயின். மூதூர்த் தெருவின் இறால்குழி, கங்கைப் பாலங்களுக்குப் பிரான்ஸ். அரசின் பங்கைக் குறைத்துச் சொல்லக்கூடாது: ரிபன், கத்தரிக்கோல், மந்திரி பெயர் வெட்டிய கல்.

2006 யுத்தத்தில் ஷெல் விழ விழ நாங்கள் விட்டு ஓடிய சம்பூருக்குள் பாலமில்லாமலே எல்லாம் வந்தது. அதியுயர் பாதுகாப்பு வலயம் வந்தது, கடற்படை வந்தது, 500 மெகாவாட் நிலக்கரித் திட்டம் வந்து 2016இல் போனது. 2025 ஏப்ரலில் சூரிய மின்நிலையத்துக்குக் கொழும்பிலிருந்தபடியே தொடக்கவிழா நடத்தினார்கள். பெரியவர்களுக்கு ஆறு கடக்கிற தொல்லையே இல்லை.

தொல்லை பிள்ளைகளுக்குத்தான். கிண்ணியாவின் குறிஞ்சாக்கேணியில் புதுப் பாலம் கட்டிக்கொண்டிருந்தார்கள். முடியும்வரை பாதையில் போ என்றார்கள். 2021 நவம்பர் 23 காலை, பள்ளிக்கூடம் போன பிள்ளைகளோடு அந்தப் பாதை தாழ்ந்தது. அன்றே ஆறு பேர் செத்தார்கள்.

மந்திரிமாரே, அடுத்த பாலத்துக்குக் கல் செய்யக் கொடுத்திருப்பீர்கள். அதில் முதலில் அந்தப் பிள்ளைகளின் பெயரை வெட்டச் சொல்லுங்கள். மிச்ச இடமிருந்தால் உங்களுடையதையும் வெட்டலாம்.